பொரிக்கடைக்கு இரண்டு துண்டாகப் போட்ட தளம்

கடப்பாரையின் முனை உத்திரத்துக்குள் இறங்கியபோது சத்தமே வரவில்லை.

நல்ல தேக்காக இருந்தால் ‘டக்’கென்று திருப்பி அடிக்கும். பிடித்திருக்கும் கையில் அதிர்வு தெரியும். அன்றைக்கு நகரி கடைவீதியில், ஒரு பொரிக்கடைக்குள் ஏணி போட்டு ஏறிய மேஸ்திரி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கடப்பாரையை வைத்து லேசாக அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கிற்று. பழுப்பாகத் தூள் கொட்டியது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தலையில் கொஞ்சம். கூடையில் குவித்திருந்த பொரியின் மேல் மிச்சம்.

“யோவ்! துன்றதுக்கு வச்சிக்கீற பொருள் மேல கொட்றியே!” என்று கூடையை இழுத்தார் கடைக்கார அலமேலக்கா.

மேஸ்திரி என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. அவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. இத்தனை வாரமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன், எழுதவும் கை வரவில்லை. கட்டடங்களுக்கு மேல்தளம் போடுவதும், பழைய தளத்தைப் பிரித்து மாற்றுவதும் அவருடைய வேலை. தளம் தட்டும் பெண்களில் நானும் ஒருத்தி.

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். “மரம் போயிடுச்சிம்மா. சொவத்துக்குள்ள கீற நுனி பூரா உளுத்துப் போச்சி. மேல கனம் ஜாஸ்தி. நல்லா ஒரு மழ புடிச்சா உக்காந்துடும். கடைய காலி பண்ணிக் குடு, புதுசாப் போட்டுர்றேன்.”

வாசல்படியில் கட்டடத்துச் சொந்தக்காரர் நாயுடு நின்றிருந்தார். “வின்னாவாம்மா? நான் சொன்னா நம்ப மாட்டே. மேஸ்திரியே செப்புறான் பாரு” என்றார்.

அலமேலக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒத்திகை பாத்துக்கினு வந்தீங்களா?”

கோடு போடுகிற காலம்

அப்படி ஏன் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆந்திரா தனி மாநிலமாகி மூன்று நாலு வருஷம் ஓடியிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஊர்கள் எந்த மாநிலம் என்பது முடியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒருநாள் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருக்கும். இன்னொரு நாள் தெலுங்கு எழுத்தின் மேல். திடீரென்று கடையடைப்பு என்பார்கள். நாங்கள் சாந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். உங்கள் வீட்டில் என்ன பாஷை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் எட்டாவது வரை பிச்சாட்டூரில் தமிழ் படித்தவள். என் மாமியார் சந்தையில் தெலுங்கிலும் வீட்டில் தமிழிலும் பேரம் பேசுவார். சண்டை வந்தால் இரண்டும் வரும்.

அந்த நாட்களில் கடைவீதியில் ஒரு வதந்தி பரவியது. எல்லைக் கோடு போடுகிற அன்று எந்த இடத்துக்குள் யார் இருக்கிறாரோ, அந்த இடம் அவருக்கே எழுதப்பட்டுவிடும் என்று. யார் கிளப்பினார்களோ தெரியாது. டீக்கடையில் தொடங்கி, பஸ்ஸில் ஏறி, புத்தூர் போய் இன்னும் பெரிதாகித் திரும்பி வந்தது.

நாயுடு அதை நம்பினார். ஊர் மெட்ராஸ் பக்கம் போனால் தமிழ்க்கார அம்மாவுக்குக் கடை போய்விடும் என்று பயந்தார். அலமேலக்காவும் நம்பினார். கோடு விழும் நேரத்தில் கடைக்கு வெளியே இருந்தால், எந்தப் பக்கம் போனாலும் தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பயந்தார். அவருடைய வீட்டுக்காரர் கிராமத்தில் அடுப்பில் நின்று பொரி வறுப்பார். இவர் கொண்டுவந்து விற்பார். அந்தக் கடை இல்லையென்றால் அந்த அடுப்பு எரியாது.

அத்தனை வருஷமாகத் தளத்தைப் பற்றிக் கவலைப்படாத நாயுடு, திடீரென்று ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டது அதனால்தான். வேலையைப் பேசி முடித்த பிறகுதான் மேஸ்திரிக்கே விஷயம் தெரிந்தது. தளம் போடுவது ஒரு சாக்கு. கடையைக் காலி செய்ய வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்தபோது, சாக்காகச் சொன்னது உண்மையாகவே இருந்தது.

சட்டைமேல் சட்டை

எங்கள் பக்கத்துப் பழைய தளங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. அதைத்தான் பெண்கள் எதிரெதிர் வரிசையாகக் குந்திக்கொண்டு கட்டையால் தட்டுவோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். முதலில் ‘சொத்’தென்று சத்தம் வரும். நாளாக ஆக இறுகி, கட்டை தானே எகிறும். அப்போதுதான் அதன் மேல் தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதிப்பார்கள்.

தட்டும்போது பாட்டு உண்டு. பாட்டில்லாமல் இரண்டு வரிசையின் கை சேராது. எங்கள் கூட்டத்தில் காந்தம்மா தெலுங்கில் எடுப்பாள், மற்றவர்கள் தமிழில் முடிப்போம். போராட்டம் சூடாக இருந்த ஒருநாள் கீழே தெருவிலிருந்து யாரோ, “ஏய், எந்த பாஷைல பாடறீங்க?” என்று அதட்டினார்கள். காந்தம்மா கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “வாய்க்கு ரெண்டு பாஷ நைனா, கட்டை ஒண்ணுதான். மேல வந்து தட்டிக்கினே கேளு, செப்புறேன்!” என்றாள். யாரும் வரவில்லை.

ஒழுகும் தளத்தைப் பிரித்துப் போட யாருக்கும் மனசு வராது. மேலே ஒரு பூச்சுப் பூசுவார்கள். அடுத்த மழைக்கு அதன் மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு வரிசை ஓடு. கிழிந்த சட்டையைக் கழற்றாமல் அதன் மேலேயே சட்டை போடுவது மாதிரி. திருப்பதியில் ஒரு சத்திரத்துத் தளத்தை உடைத்தபோது, அத்தனை பேர் பூசிய பூச்சும் ஏடு ஏடாகத் தெரிந்தது. யாத்திரைக்காரர்கள் ஈரத் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியபடியே இருந்தது. மேலே பூசப் பூச, கீழே மரத்துக்குக் கனம்தான் ஏறியது.

பொரிக்கடையின் கதையும் அதுதான். நாயுடுவின் அப்பா காலத்திலிருந்து பூச்சு மேல் பூச்சு. கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் வழியே தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. உத்திரத்தின் நடுப்பகுதி பார்க்க நன்றாகவே இருக்கும். சுவருக்குள் இருக்கும் நுனிதான் போயிருக்கும். அது கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் படாது.

“பாதி போடு”

“எத்தினி மழயா ஒழுவுது ஒழுவுதுன்னு கத்திக்கினு கீறேன்” என்றார் அலமேலக்கா. “அப்பல்லாம் வராத மேஸ்திரி இப்ப எங்கேர்ந்து மொளச்சாரு?”

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். நாயுடு படியிலிருந்து நகரவில்லை.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். “அம்மாம் ஆபத்துன்னா பாதி போடு. நான் முன்னால உக்காந்து வியாபாரம் பாக்கறேன், நீ பின்னால பிரி. அது முடிஞ்சா நான் பின்னால போறேன், நீ முன்னால பிரி. கடைய வுட்டு மட்டும் கீழ எறங்க மாட்டேன்.”

“தளத்த அப்டி போட மாட்டாங்கம்மா. ஒரே மூச்சா தட்டணும். காஞ்சதும் பச்சையும் ஒட்டாது. நடுவுல மூட்டு வுழும்.”

“மூட்டு வுழுந்தா இன்னா ஆவும்?”

“ஒழுவும்.”

“அவ்ளோதானே? ஒழுவறது எனக்குப் பழக்கம்யா.”

பாதிக் கூரையைத் திறந்தால் வெயிலும் தூசியும் தாங்காமல் தானே ஓடிவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ, நாயுடு “சரே, கானீ” என்று சம்மதித்தார்.

தளத்தில் மூட்டு விழுவது எங்கள் தொழிலில் அவமானம். மற்ற மேஸ்திரிகள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள், சிரிக்கவும் செய்தார்கள். “ஒட்டுத் துணி தைக்கிறியாமே” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். இவர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

பின்பாதியைப் பிரித்தோம். அக்கா முன்னால் ஈரத்துணியால் கூடைகளை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. மேலே பார்த்துக் கத்துவார்: “ஏண்டி, பொரிக்கு உப்பு போதும், சுண்ணாம்பு வாணாம்!”

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். “பச்சையம்மா, நீ சொல்லு. நெசமாவே அந்த மரம் போச்சா?”

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. வெளியே நாயுடு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நீ ஆட்டுவே. உனக்கு உன் புருஷன் சோறு போடறாரு. அவருக்கு நாயுடு போடறாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையில் ஒரு பிடி கடலையை வைத்துத்தான் சொன்னார்.

கோடு விழுந்த பிறகு

பின்பாதி முடிந்தது. நடுவில் புது உத்திரம் ஒன்று வைத்து, புதுத் தளத்தை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் மேஸ்திரி. தட்டோடும் பதித்தாயிற்று. இனி முன்பாதி.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது; நகரி ஆந்திராவிலேயே நிற்கும். டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஒரே கூட்டம். சிலர் வெடி வெடித்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். எந்தக் கடைக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்க ஒருவரும் வரவில்லை. கடை நாயுடுவுடையதாகவே இருந்தது, அக்கா அதில் வாடகைக்கு இருந்தபடியே இருந்தார். அவ்வளவு நாள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பயம், வெறும் பேச்சாகப் போயிற்று.

மறுநாள் நாயுடு வந்தார். “மேஸ்திரி, பனி சாலு, வேல போதும். மீதிய அப்புறம் பாத்துக்கலாம்.”

“ஐயா, முன்பக்கம்தான் ரொம்ப மோசம். அங்கதான் அந்தம்மா உக்காருது.”

“இத்தினி நாளு நின்னுதே. இன்னும் நிக்கும்.”

அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். தளத்துக்காக அவர் எங்களைக் கூப்பிடவில்லை. எதற்காகக் கூப்பிட்டாரோ அது முடிந்துவிட்டது.

அன்று அக்காவுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தளம் தட்டிய எங்களுக்கெல்லாம் மடி மடியாகப் பொரி போட்டார். “எறங்க மாட்டேன்னேன், எறங்குனனா பாத்தியா?” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு முன்பக்கத்தில், பழைய தளத்தின் கீழ், தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி மூட்டின் மேல் சாந்து வைத்து, ஓடு பதித்து மூடினார். மிச்சமிருந்த சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டு நாங்கள் புத்தூர் வேலைக்குப் போய்விட்டோம்.

நாயுடு இல்லாமல் போனது

அதன் பிறகு வானம் கறுத்தால் அவருக்குச் சோற்றில் கை நின்றுவிடும். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

ஒருநாள் காலை, “நகரிக்குப் போயிட்டு வரலாம் வா” என்றார். கடப்பாரை எடுக்கவில்லை, ஏணியும் இல்லை. அவர் தோளில் துண்டு, நான் கூட. அக்கா எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

“நாயுடு அனுப்புனாரா?”

“இல்லம்மா.”

“மறுபடி வேல குடுத்துட்டாரா?”

“இல்ல. வாணாம்னுட்டாரே.”

“பின்ன இன்னாத்துக்கு வந்தே?”

“மழ வருது. முன்னால உக்காராதம்மா. பின்னால புதுசு, அது நிக்கும். அங்க போய் உக்காந்து வித்துக்கோ. இத சொல்லத்தான் வந்தேன்.”

அக்கா படியால் அளந்து ஒருவருக்குப் பொரி போட்டார். அவர் போன பிறகு கேட்டார்.

“அன்னைக்கும் இத்தையேதான சொன்னே?”

“அதேதான்.”

“அன்னைக்கு அவரு பக்கத்துல நின்னுக்கினு சொன்னே. எப்டிய்யா நம்புவேன்?”

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்தார். “பச்சையம்மா, புடி அந்தப் பக்கம்” என்று பெரிய கூடையின் ஒரு காதை என்னிடம் தள்ளினார். மூன்று பேருமாக எல்லாவற்றையும் பின்பாதிக்கு நகர்த்தினோம்.

அதற்குப் பிறகு கடைவீதிக்கு அவர் ஒரு வேடிக்கை ஆனார். பொரி வாங்க வருகிறவர்கள் தெருவிலிருந்தே கத்த வேண்டும். “இன்னாக்கா, கர்ப்பகிரகத்துல போய் உக்காந்துட்டே? கற்பூரம் கொண்டாரவா?” என்பார்கள். மழை பெய்தால் மூட்டிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் சொட்டும். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். நாயுடு ஒருமுறை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாராம்.

மழை வந்தது, போனது. தளம் விழவில்லை. வியாபாரம் குறைந்தது. தள்ளி உட்கார்ந்திருக்கும் கடைக்கு யார் வருவார்கள்? அக்கா ஒரு கூடையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்த ஆரம்பித்தார். தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டுமே.

வெயில் அடித்த நாள்

விழுந்தது மழையில் இல்லை. நாலைந்து நாள் அடைமழை பிடித்து ஓய்ந்தபின், நன்றாக வெயில் அடித்த ஒரு முற்பகலில்.

புத்தூருக்குச் செய்தி கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். “மேஸ்திரி, உன் பொரிக்கடை உக்காந்துடுச்சி” என்றார். ஆள் யாராவது என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த வண்டி வரும்வரை இவர் ரோட்டோரத்தில் நின்ற நிலையை என்னால் எழுத முடியாது.

நாங்கள் போனபோது கடைக்கு முன் கூட்டம். வாசல்வரை செங்கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. முன்பாதி முழுவதும் வானம். மூட்டு வரை அறுத்தெடுத்தது போல விழுந்திருந்தது. அதற்கு அப்பால் புதுத் தளம் நடு உத்திரத்தின் மேல் அப்படியே நின்றது. நாலைந்து பேர் கல்லை அள்ளி வழி செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரியும் போய்க் குனிந்து அள்ள ஆரம்பித்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

வழி கிடைத்ததும் அலமேலக்கா உள்ளேயிருந்து வந்தார். உச்சியிலிருந்து கால்வரை வெள்ளை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அழவில்லை. மேஸ்திரியைப் பார்த்ததும் நின்றார்.

“கூடைய மட்டும்தான் முன்னால வச்சிருந்தேன், மேஸ்திரி” என்றார். “கூடைய மட்டும்தான். நான் வரல.”

மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைவீதியில் அத்தனை பேர் நடுவில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காந்தம்மா கூட்டத்தைப் பார்த்து, “இன்னா பாக்கறீங்க, கல்ல அள்ளுங்க!” என்று சத்தம் போட்டாள்.

சாவி

ஈரம் காய்ந்ததும் நாயுடு ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது அவரே கடை வாசலில் இருந்தார். வேஷ்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், “மேஸ்திரி, எப்ப மொதலு பெடதாம், எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டார்.

“இன்னைக்கே” என்றார் இவர். “ஆனா இந்தத் தடவ பாதியில நிறுத்த மாட்டேன் ஐயா.”

நாயுடு தலையாட்டினார்.

அலமேலக்கா கூடைகளை வண்டியில் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். முன்பக்கம் கூரையே இல்லாத கடை. சுவர் ஏறிக் குதித்தால் யாரும் உள்ளே போகலாம். ஆனாலும் பூட்டினார். பூட்டை இழுத்தும் பார்த்தார். அத்தனை நாள் எந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்று இருந்தாரோ, அதைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றார்.

நாயுடுவின் கை தானாகக் கொஞ்சம் நீண்டது. கட்டடம் அவருடையது அல்லவா. அக்கா அவரைக் கடந்து வந்து, சாவியை மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார்.

“நீ கூப்புடு. அன்னைக்கு வர்றேன்” என்றார்.

நாயுடு கையை இழுத்துக்கொண்டார்.

மேஸ்திரி அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பழைய மூட்டின் ஓரத்தைப் படிப்படியாகக் கொத்தி எடுத்து, புதுக் கலவையை அதற்குள் கோத்து, முன்பாதியைப் போட்டார். நாங்கள் தட்டினோம். குனியும்போதெல்லாம் சாவி வயிற்றில் குத்துகிறதே, கழற்றி என்னிடம் கொடுங்கள் என்றேன். இருக்கட்டும் என்றார்.

வேலை முடிந்து சொல்லி அனுப்பியதும், அக்கா முதல் பஸ்ஸிலேயே தலையில் ஒரு சின்னக் கூடையோடு வந்து இறங்கினார். மேஸ்திரி முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். “ஒருவாட்டி மேல பாத்துட்டு சொல்லும்மா, கொறை இருந்தா இப்பவே சரி பண்றேன்” என்றார்.

அக்கா பூட்டைத் திறந்தார். மேலே பார்க்கவில்லை. நேராக முன்பக்கத்தில் தன் பழைய இடத்துக்குப் போய், புதுத் தளத்தின் கீழ் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.